பழைய கல்லறைக் கற்கள்: சிங்கப்பூரில் எங்கே, எந்த மாதிரி பார்த்திருக்கிறீர்கள்?

செங்காங் செல்வி
எல்லோருக்கும் வணக்கம். சுவா சூ காங் கிறிஸ்துவப் பகுதியில் இருக்கும் எங்கள் பாட்டியின் கல்லறையைத் தோண்டியெடுக்க வேண்டிய முறை வந்துவிட்டது. அடக்கம் செய்து 15 ஆண்டானால் எடுத்துவிட வேண்டும் என்ற விதி இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். எலும்பை எரித்து அஸ்தி மாடத்தில் வைப்பதில் வீட்டில் யாருக்கும் மறுப்பில்லை. சிக்கல் கல்லில்தான். அப்பாவுக்கு அதை விட்டுவர மனசே இல்லை. கறுப்புக் கிரானைட், என் இடுப்பு உயரம், மேலே பாட்டியின் பீங்கான் படம், கீழே தமிழில் நாலு வரி. நாலறை வீட்டில் இதை எங்கே நிறுத்துவது? அம்மா முகத்தைப் பார்த்தாலே பதில் தெரிகிறது.

என் கேள்வி இரண்டு. உடலில்லாமல் கல்லை மட்டும் வைத்துக்கொள்ளும் வழக்கம் இந்த ஊரில் எங்காவது உண்டா? அப்புறம், பழைய கல்லறைகளில் எந்தெந்த விதமான கற்கள் இருக்கின்றன? அப்பாவை அழைத்துப் போய்க் காட்டலாம் என்று நினைக்கிறேன்.

கல்வெட்டுப் பைத்தியம்
வழக்கம் உண்டாவா? இந்த ஊரில் பெரும்பாலும் அதுதான் நடந்திருக்கிறது!

ஃபோர்ட் கேனிங்கிலிருந்து ஆரம்பியுங்கள். கச்சேரியும் பிக்னிக்கும் நடக்கும் அந்தப் பச்சைச் சரிவு 1865 வரை கிறிஸ்துவக் கல்லறையாக இருந்த இடம். அடக்கமானவர்கள் 600 பேர் அளவில், அதில் மூன்றில் ஒரு பங்கு சீனக் கிறிஸ்துவர்கள். 1970-களில் இடத்தைப் பூங்காவாக்கியபோது கற்களைப் பெயர்த்துச் சுற்றியுள்ள செங்கல் சுவரில் பதித்துவிட்டார்கள். சுவரையொட்டி நடந்தால் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போகலாம். காலராவில் போனவர், கப்பலில் வந்த வழியில் போனவர், பிறந்த சில மாதத்தில் போன குழந்தை என்று வரிசையாக வரும். படித்தால் அந்தக் காலத்து வெள்ளைக்காரனும் இங்கே எவ்வளவு சீக்கிரம் செத்தான் என்பது தெரியும்.

நுழைவாயில்கள் இரண்டும் 1846-இல் கேப்டன் ஃபேபர் கட்டியவை, கோதிக் பாணி. கூர்முனை வளைவுக்கு மேலே ஐ-எச்-எஸ் என்று மூன்று எழுத்து இருக்கும். ஏசுவின் பெயரைக் கிரேக்கத்தில் சுருக்கியது. புல்வெளியில் தனியாக நிற்கும் பெரிய நினைவுச் சின்னம் ஜேம்ஸ் புரூக் நேப்பியர் என்ற கைக்குழந்தைக்கு. 1848-இல் கடல் பயணத்தில் இறந்தது. அப்பா வில்லியம் நேப்பியர் வழக்கறிஞர், பெரிய பதவியில் இருந்தவர். பக்கத்தில் பலகை வைக்காவிட்டால் யாரோ ஆளுநருக்குக் கட்டியது என்றுதான் நினைப்போம், அவ்வளவு பெரியது.

ஜூரோங் குமார்
மன்னிக்கணும், இந்த ஆர்வம் எனக்குப் புரியவில்லை. நமக்கும் கல்லுக்கும் என்ன சம்பந்தம்? எரித்தோம், கரைத்தோம், பதினாறாம் நாள் கருமாதி முடிந்தது. என் அப்பாவுக்கு மண்டாய் அஸ்தி மாடத்தில் ஒரு அலமாரி நம்பர்கூட இல்லை. அதனால் அவரை மறந்துவிட்டேனா? தீவில் இடமே இல்லாதபோது கல்லுக்கு இடம் கேட்பது ஆடம்பரம்.

பழைய செராங்கூன்காரர்
தம்பி குமார், உங்கள் வீட்டு வழக்கம் உங்களுக்கு. செல்விக்கு அவர்கள் பாட்டி.

செல்வி, நான் பிடாடாரிக் கல்லறையைக் கண்ணால் பார்த்தவன். 1900-களின் தொடக்கத்திலிருந்து 1972 வரை அங்கே அடக்கம் செய்தார்கள். கிறிஸ்துவர், முஸ்லிம், இந்து, சிங்களர் எல்லோருக்கும் தனித்தனிப் பகுதி. 2001-லிருந்து 2006-க்குள் கிறிஸ்துவக் கல்லறைகள் 58,000, முஸ்லிம் கல்லறைகள் 68,000 தோண்டியெடுக்கப்பட்டன. இப்போது அங்கே வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகள். மவுண்ட் வெர்னன் பக்கம் சின்னதாக ஒரு நினைவுத் தோட்டம் வைத்து, சீனச் சமூகத் தலைவர் லிம் பூன் கெங் போன்ற சிலருடைய கற்களை மட்டும் நிறுத்தினார்கள். மற்றவர்களுடைய கல் என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள். உடைத்த கல் உடைத்த கல்தான்.

கிறிஸ்துவக் கற்களில் எங்கள் தலைமுறைக்குப் பழகிய அடையாளங்கள் சில உண்டு. பாதியில் முறிந்த தூண் நின்றால் இளவயதுச் சாவு. ஆட்டுக்குட்டி படுத்திருந்தால் குழந்தை. நங்கூரம் நம்பிக்கைக்கு, அதைப் பார்த்து மாலுமி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. துணி போர்த்திய கலசம் துக்கத்துக்கு. இரண்டு கை கோத்திருந்தால் பெரும்பாலும் கணவன் மனைவி. கையில் காசிருந்தவர்கள் இத்தாலியப் பளிங்கில் தேவதை நிறுத்துவார்கள். எங்கள் ஆட்கள் சிமெண்டில் மேடை கட்டி, தலைமாட்டில் சிலுவை வைத்து, சுண்ணாம்பு அடித்துவிடுவார்கள். நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்கு முந்தின வாரம் வாளியும் பிரஷ்ஷுமாக மொத்தக் குடும்பமும் அங்கேதான்.

பளிங்கில் ஒரு கஷ்டம். இங்கே பெய்கிற மழைக்கு எழுத்து கரைந்து மழுங்கிவிடும். சில கற்களில் எழுத்தை வெட்டி உள்ளே ஈயம் அடித்திருப்பார்கள். நாளாக ஆக ஈயம் உதிர்ந்து சின்னச் சின்னத் துளைகள் மட்டும் மிஞ்சும். அந்தத் துளைகளை வைத்தே எழுத்தைக் கண்டுபிடித்துவிடலாம், கொஞ்சம் பொறுமை வேண்டும். கிரானைட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. உங்கள் பாட்டி கல் இன்னும் நூறு வருஷம் தாங்கும்.

ரஹீம், பாசிர் ரிஸ்
அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். முஸ்லிம் பக்கத்தை நான் சொல்கிறேன்.

விக்டோரியா ஸ்திரீட்டில் நீல ஓடு பதித்த மலபார் பள்ளிவாசல் தெரியும்தானே? அதையொட்டி மரங்களுக்கிடையே கிடப்பதுதான் ஜாலான் குபோர் மையவாடி. அந்தப் பக்கம் பஸ்ஸில் போகிறவர்கள் காடு என்று நினைத்துக் கடந்துவிடுவார்கள். உள்ளே போனால் மீசான் கல் பார்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது. மலாய் வழக்கத்தில் தலைமாட்டில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று. உருளையாகவோ பல பட்டையாகவோ செதுக்கியிருந்தால் ஆண், தட்டையாக இருந்தால் பெண். பெயர் படிக்கத் தெரியாவிட்டாலும் தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம். அரச குடும்பத்தார் மேட்டில் சில கற்களுக்கு மஞ்சள் துணி கட்டியிருப்பார்கள். மஞ்சள் மலாய் அரசர்களின் நிறம். இன்னும் பழையது பார்க்க வேண்டுமானால் ‘பத்து ஆச்சே’ (மலாயில் பத்து என்றால் கல்) என்கிற வகை. சுமத்ராவின் ஆச்சேயிலிருந்து பரவியது, பூவேலைப்பாடு நிறைய இருக்கும்.

எங்கள் அடக்கத்தில் மையத்தை, அதாவது உடலை, வலப்பக்கம் ஒருக்களித்து, முகம் கிப்லாவை (மக்காவின் திசையை) பார்க்கத்தான் வைப்போம். அதனால் எந்தப் பழைய மையவாடியிலும் கல் வரிசை எல்லாம் ஒரே திசையில் நிற்கும். திசைகாட்டியே வேண்டாம். கிறிஸ்துவத் தோட்டத்தில் பாதைக்குத் தகுந்தபடி நிற்கும், சீனர்களுடையது மலைச்சரிவுக்குத் தகுந்தபடி.

உடலில்லாத கல் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தெலுக் ஆயர் ஸ்திரீட்டில் நம் ஆட்கள் 1828-லிருந்து 1830-க்குள் கட்டிய நாகூர் தர்கா இருக்கிறதே, சாகுல் ஹமீது ஆண்டகை அடக்கமாகியிருப்பது நாகூரில். இங்கே நினைவுக்காக மட்டும். பாய்மரக் கப்பலில் உயிரைக் கையில் பிடித்து வந்து இறங்கிய தமிழ் முஸ்லிம்கள் கரையோரமாகவே கட்டினார்கள், அப்போது கடல் அந்தத் தெருவரைக்கும் இருந்தது. இந்த ஊர்த் தமிழர்கள் எழுப்பிய முதல் நினைவிடங்களில் ஒன்று, உள்ளே ஆளில்லாதது. உங்கள் அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்.

ஜூரோங் குமார்
தர்கா வேறு, வீட்டு வரவேற்பறையில் கல்லறைக் கல் வேறு பாய். ஆனால் ஆண் பெண் கல் விஷயம் எனக்குப் புதுசு.

ஊட்ரம் மீனா
நான் புக்கிட் பிரவுனுக்கு நடைப்பயணம் வருகிறவர்களுக்கு வழி காட்டுகிறவள். செல்வி, அப்பாவை முதலில் அங்கே கூட்டிப் போங்கள். ஃபோர்ட் கேனிங்கில் கல் இருக்கிறது, ஆள் இல்லை. புக்கிட் பிரவுனில் இரண்டும் இருக்கிறது.

1922 ஜனவரி 1-இல் நகராட்சி திறந்த சீனக் கல்லறை, 1973-இல் மூடியது. ஒரு லட்சம் பேர் அளவில் அங்கே கிடக்கிறார்கள். அமைப்பு இப்படி: பின்னால் மண்மேடு, அதை அரைவட்டமாக அணைத்த சுவர், முன்னால் கல், கல்லுக்கு முன் படையல் மேடை, அதற்கும் முன்னால் தளம் போட்ட முற்றம். ஒரு பக்கமாகக் குட்டிக் கல் ஒன்று தனியாக நிற்கும். அது மண் தெய்வத்துக்கு. பிள்ளைகள் முதலில் அதற்குப் படைத்துவிட்டுத்தான் தாத்தாவிடம் வருவார்கள். நம் ஊரில் எல்லைச் சாமிக்கு முதலில் கும்பிடு போடுவது போல என்று சொன்னால் என்னுடன் வரும் தமிழர்களுக்கு உடனே விளங்கிவிடுகிறது.

கல்லில் நடுவே பெரிய எழுத்தில் பெயர். மேலே பிறந்த ஊர், பல கற்களில் சிங்கப்பூர் என்று இருக்காது, சீனாவின் ஃபூஜியனில் ஏதாவது கிராமம் இருக்கும். ஓரத்தில் மகன், மருமகள், பேரன் வரிசை. சிலருடைய பெயருக்குச் சிவப்பு மை பூசியிருந்தால் கல் வெட்டும்போது அவர் உயிரோடு இருந்தார் என்று பொருள், கணவனுக்குப் பக்கத்தில் மனைவி இடம்பிடித்து வைத்திருப்பார். ஆண்டுக் கணக்கைத்தான் கவனிக்க வேண்டும். பழையது சீனாவின் சிங் (Qing) வம்ச அரசர் ஆண்டில், பிறகு சீனக் குடியரசு ஆண்டில். ஜப்பானியர் காலத்தில் இறந்தவர்களின் சில கற்களில் 2602, 2603 என்று வரும். ஜப்பானின் பேரரசுக் கணக்கு, 2602 என்றால் 1942. சாவிலும் ஆட்சி மாறியது தெரிகிறது.

தமிழர்கள் எப்போதும் நின்று படமெடுப்பது சீக்கியக் காவலர் சிலைகளை. தலைப்பாகை, தாடி, கையில் துப்பாக்கி, கல்லறைக்கு இருபுறமும் விறைப்பாக ஒருவர். அந்தக் காலத்தில் பணக்காரச் சீனர் வீட்டு வாசலிலும் வங்கி வாசலிலும் சீக்கியர்தான் ஜாகா, அதாவது காவல்காரர். செத்த பிறகும் ஜாகா வேண்டும் என்று செதுக்கி வைத்துவிட்டார்கள். சில சிலைகளுக்கு வண்ணம்கூட அடித்திருக்கிறது. பெரானாக்கான் (மலாய் வழக்கம் கலந்த உள்ளூர்ச் சீனர்) குடும்பத்துக் கல்லறைகளில் பூப்போட்ட ஓடுகளைப் பாருங்கள், காத்தோங் கடைவீட்டு முகப்பில் இருக்கும் அதே வகை. எல்லாவற்றிலும் பெரியது வணிகர் ஓங் சாம் லியோங் கல்லறை, ஏறத்தாழ 600 சதுர மீட்டர். குமார், செல்வியின் நாலறை வீடு ஐந்தாறு அதற்குள் அடங்கும்.

ஜூரோங் குமார்
அக்கா, அதைத்தான் நானும் சொல்கிறேன்! ஒரு மனுஷனுக்கு 600 சதுர மீட்டர். புக்கிட் பிரவுன் வழியாகச் சாலை போட்டது தப்பே இல்லை.

ஊட்ரம் மீனா
சாலை போட்டது தப்பு என்று நான் எழுதவில்லையே. லோர்னி நெடுஞ்சாலைக்காக 4,000 கல்லறை அளவுக்கு எடுத்தார்கள். எடுப்பதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் படமெடுத்து, அளந்து, எழுத்தைப் பதிவு செய்தார்கள். 2011-இல் அறிவிப்பு வந்தபோது எழுந்த சத்தத்தால்தான் அதுவும் நடந்தது. பிடாடாரிக்கு அந்த அளவு சத்தம் எழவில்லை. சுவா சூ காங்கில் தெங்கா விமானத் தளத்துக்காக 80,500 கல்லறைகள் என்று 2017-இல் அறிவித்தார்கள், 45,500 சீனருடையது, 35,000 முஸ்லிம்களுடையது. இடம் போகும், அது இந்தத் தீவின் நிலைமை. என்ன எழுதியிருந்தது என்பதும் சேர்ந்து ஏன் போக வேண்டும்?

கல்வெட்டுப் பைத்தியம்
குமார் முதலில் கேட்டதற்குத் திரும்ப வருகிறேன். நமக்கும் கல்லுக்கும் சம்பந்தமில்லையா? தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த நடுகல்லைத் தேடிப் பாருங்கள். ஆநிரை கவர்ந்த பூசலில் இறந்த ஒருவனுடைய பெயர், தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில், ஈராயிரம் ஆண்டுக்கும் மேற்பட்டது. அரசனுக்கில்லை, ஊர்க்காரன் ஒருவனுக்கு.

சிங்கப்பூரிலேயே பார்க்க வேண்டுமானால் கிராஞ்சிப் போர்க் கல்லறைக்குப் போங்கள். இரண்டாம் உலகப் போரில் இறந்த 4,461 காமன்வெல்த் படையினர் அங்கே இருக்கிறார்கள். 850-க்கு மேற்பட்டவர்கள் யாரென்றே தெரியாதவர்கள். எல்லோருக்கும் ஒரே அளவுக் கல்: படைப்பிரிவின் சின்னம், எண், பதவி, பெயர், தேதி, மதக்குறி. ஜெனரலுக்கும் சிப்பாய்க்கும் வித்தியாசம் கிடையாது. குன்றின் மேல் விமான வால் போன்ற நினைவகத்தில் உடலே கிடைக்காத 24,000-க்கும் அதிகமானவர்களின் பெயர்கள். அதில் இந்தியப் படைக்காரர்கள் ஏராளம்.

அதற்குப் பக்கத்தில் தனியாக இன்னொரு சின்னம் இருக்கிறது, பெரும்பாலானவர்கள் அதுவரைக்கும் போவதில்லை. மத வழக்கப்படி எரியூட்டப்பட்ட 800 பேர் அளவிலானவர்களுக்கு வைத்தது, பெரும்பாலும் இந்தியப் படையினர். எரித்தவனுக்கும் பெயர் வெட்டியிருக்கிறார்கள் குமார். உடல் இல்லை என்று விட்டுவிடவில்லை.

ஜூரோங் குமார்
இது தெரியாது. கிராஞ்சிக்குத் தேசிய சேவையில் போயிருக்கிறேன், வெயிலில் நின்றதுதான் ஞாபகம். ஒரே மாதிரிக் கல் வரிசையாக நிற்பது எனக்கு அப்போதே பிடித்திருந்தது. 600 சதுர மீட்டரைவிட அதில் மரியாதை அதிகம்.

பழைய செராங்கூன்காரர்
எனக்கு நேர்மாறு. கிராஞ்சியில் யார் கல்லைப் பார்த்தாலும் ஒரே கல். யார் கஞ்சன், யார் ஊதாரி, எந்த மருமகள் சண்டை போட்டுத் தன் பெயரைக் கல்லில் ஏற்றினாள் என்பதெல்லாம் பிடாடாரியில் தெரியும். சாவிலாவது மனுஷனை மனுஷனாக விடக் கூடாதா?

ரஹீம், பாசிர் ரிஸ்
ஒரே மாதிரிக் கல் என்றால் ஹாலந்து குளோஸில் ஹக்கா சீனர்களின் கல்லறை ஒன்று இருக்கிறது. வீவக புளோக்குகளுக்கு நடுவே குட்டிக் குட்டிக் கல், வரிசை பிசகாமல். முன்பு பெரிய நிலமாக இருந்தது. நிலம் அரசாங்கத்துக்குப் போனதும், எடுத்ததையெல்லாம் மிஞ்சிய துண்டில் நெருக்கி அடுக்கிவிட்டார்கள். மேல்மாடியில் துணி காய்கிறது, கீழே கல்லறை. அங்கே குடியிருப்பவர்கள் ஒன்றும் சொல்வதில்லை, எதிர் புளோக் மறைக்காத வீடு கிடைத்ததே என்று சந்தோஷம்!

கல்வெட்டுப் பைத்தியம்
சின்னக் கல் என்றால் ஹவ்காங் பக்கம் சுவான் ஹோ அவென்யூவில் ஜப்பானியக் கல்லறைப் பூங்காவைச் சொல்லாமல் விட முடியாது. 1891-இல் தொடங்கியது, 910 கற்கள். தளபதிகளுக்கும் வணிகர்களுக்கும் பெரிய கல். ஓரத்தில் முழங்கால் உயரம்கூட இல்லாத கற்கள், பல பெண்களுடையவை. வறுமையால் ஜப்பானின் தென்பகுதியிலிருந்து விலைமகளிராக அனுப்பப்பட்டு இங்கேயே இறந்த ‘கராயுகி-சான்’கள். மலாய் ஸ்திரீட் வட்டாரத்தில் வேலை பார்த்தவர்கள். இத்தனை சின்னக் கல்லாக இருந்தும் இடம் அவர்களுடையதாகவே இருக்கிறது. ஊருக்குக் கடிதம் போட ஆளில்லாத பெண்களுக்கு நூறு ஆண்டு கடந்தும் ஒரு முகவரி. எனக்கு நேப்பியர் குழந்தையின் கோபுரத்தைவிட இது பெரிதாகப் படுகிறது.

செங்காங் செல்வி
எல்லோருக்கும் நன்றி. அப்பா இதையெல்லாம் உட்கார்ந்து படித்தார். ஆர்மீனியத் தேவாலயத்துத் தோட்டம் பற்றி யாரும் எழுதவில்லையே என்றார். ஹில் ஸ்திரீட்டில் வேலை பார்த்தவர், மத்தியானச் சாப்பாடு அங்கேதானாம். அங்கே புல்லில் நிற்கும் கற்கள் எல்லாம் வேறு கல்லறைகளிலிருந்து கொண்டு வந்தவை, அடியில் யாரும் இல்லை. ஆர்க்கிட் மலர் வாண்டா மிஸ் ஜோக்கிமுக்குப் பெயர் தந்த ஆக்னஸ் ஜோக்கிமின் கல்லும் அதில் ஒன்று. அவர் இறந்தது 1899.

பாட்டி கல்லை இன்னொரு முறை போய்ப் பார்த்தோம். ஒன்று கவனித்தேன். “கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்” என்ற வரியில் ‘டை’ சாதாரணமாக இருக்கிறது, ஆனால் மேல் வரியில் ‘அன்னை’ என்பதில் ‘னை’ வேறு மாதிரி, எழுத்துக்கு முன்னால் தனிக் கொம்பு இல்லாமல் தலைக்கு மேலேயே சுழித்து ஏறுகிறது. ‘த்’ ஒன்றில் புள்ளியே இல்லை, பக்கத்து எழுத்துக்குப் போய்விட்டது.

கல்வெட்டுப் பைத்தியம்
ஆகா! அது பழைய எழுத்து. தமிழ்நாட்டில் 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்து, பிறகு இங்கும் வந்தது. அதற்கு முன் ணை, லை, ளை, னை எல்லாம் அப்படித்தான் எழுதுவார்கள். உங்கள் பாட்டி காலமானது அதற்கு வெகு பின்னால் என்றால், காகிதத்தில் எழுதிக் கொடுத்தவர் பழைய பள்ளிக்கூடத்துக்காரர்.

செங்காங் செல்வி
எழுதிக் கொடுத்தது தாத்தா. கல் வெட்டியவர் சீனர், தமிழ் தெரியாதவர். தாத்தா கொடுத்த தாளைக் கல்லில் ஒட்டி அப்படியே வெட்டினாராம். புள்ளி இடம் மாறியது அவர் கைங்கரியம். தாத்தா பார்த்துவிட்டு, பாட்டிக்கும் எழுதப் படிக்க வராது, பரவாயில்லை என்றாராம்.

பழைய செராங்கூன்காரர்
இந்தக் கதை ஒன்றுக்காகவே கல்லை விடக் கூடாது.

ஜூரோங் குமார்
சரி, உருப்படியாக ஒன்று சொல்கிறேன், எனக்குக் கட்டுமான வேலை. முழுக் கல்லையும் வீட்டுக்குக் கொண்டுவர முடியாது, எடை தாங்கினாலும் உங்கள் அம்மா தாங்கமாட்டார். கல் அறுக்கும் பட்டறையில் கொடுத்தால் எழுத்துள்ள முகப்பை மட்டும் இரண்டு சென்டிமீட்டர் தடிமனில் அறுத்துத் தருவார்கள். சமையல் மேடைக் கல் அறுக்கும் அதே இயந்திரம்தான். சுவரில் மாட்டலாம், புத்தக அலமாரியில் சாய்த்து வைக்கலாம். ஆனால் தோண்டுகிற நாளில் போய்க் கேட்டால் நடக்காது. தோண்டும் வேலையை எடுத்த குத்தகைக்காரரிடம் முன்னாலேயே பேசி, கல்லை உடைக்காமல் கழற்ற ஒத்துக்கொள்ள வையுங்கள். வேலை விடியற்காலையிலேயே ஆரம்பித்துவிடும், நீங்கள் போய்ச் சேரும்போது கல் துண்டாகியிருக்கும். பீங்கான் படத்தைத் தனியாக எடுக்க வேண்டும், பின்னால் பசையா ஆணியா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊட்ரம் மீனா
அதற்கு முன் நல்ல படம் எடுத்துவிடுங்கள். சாக்பீஸ் தேய்ப்பது, கம்பி பிரஷ் போடுவது எதுவும் வேண்டாம், கல் கெட்டுவிடும். வெறும் தண்ணீரும் மென்மையான பிரஷ்ஷும் போதும். கறுப்புக் கிரானைட்டில் உச்சிவெயிலில் எடுத்தால் உங்கள் முகம்தான் தெரியும். காலையிலோ மாலையிலோ வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது எடுங்கள். வெயில் சரியான பக்கம் இல்லையென்றால் ஒரு முகக் கண்ணாடியைப் பிடித்து ஒளியைக் கல்லின் மேல் சாய்வாக ஓட விடுங்கள், வெட்டின ஆழம் அப்படியே எழும்பும். கல்லின் அடியில் புல்லை விலக்கிப் பாருங்கள். சில பட்டறைகள் தங்கள் பெயரைக் கீழ் ஓரத்தில் வெட்டியிருக்கும். இருந்தால் அதையும் படமெடுத்து இங்கே போடுங்கள்.